அத்தியாயம் 7: இன்பத்துக்கும் நாள் குறியுங்கள்

“ஒருநாள் குடும்பத்தோட குற்றாலம் போயிட்டு வரணும்.” “ஒருநாள் நீ வீட்டுக்கு வாடா, உட்கார்ந்து பேசுவோம்.” “ஒருநாள் எல்லாரும் சேர்ந்து வெளியில சாப்பிடுவோம்.” நம்மில் பலருடைய ஆசைகள் இப்படி ‘ஒருநாளில்’தான் குவிந்து கிடக்கின்றன.

கடன் தவணைக்குத் தேதி இருக்கிறது. சீட்டுப் பணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வண்டி இன்சூரன்ஸுக்கும் இருக்கிறது. தூரத்துச் சொந்தத்தின் கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தத்துக்கு முன்பே போய் நிற்கிறோம். நல்ல சாப்பாடு, பிடித்த மனிதர்கள், வெளியே போய் வருவது இந்த மூன்றை மட்டும், வேலையெல்லாம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். வேலை முடிந்த வீடு எது?

சின்னச் சின்ன சந்தோஷங்களுக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு தேதி, நடுவில் கொஞ்சம் இடைவெளி, கூட ஓர் ஆள். இவ்வளவுதான் வேண்டும். இந்த மூன்றையும் எப்படி ஏற்பாடு செய்துகொள்வது என்பதே இந்த அத்தியாயம்.

எல்லாம் பழகிப்போகும்

புது பைக் வாங்கிய வாரத்தில் காலையும் மாலையும் துடைக்கிறோம். மூன்று மாதம் கழித்து, சீட்டில் கிடக்கும் காய்ந்த இலையைக் கையால் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். சம்பள உயர்வும் அப்படித்தான், புது வீடும் அப்படித்தான். மனம் எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். இதைப் பற்றி 1971இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர்கள் பிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்பலும், எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிறுத்திவைக்கும் டிரெட்மில்லோடு அதை ஒப்பிட்டார்கள்.

சின்ன சந்தோஷங்களும் பழகிப்போகும். ஆனால் அவற்றுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டை ஒரு வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க முடியாது. மாலை பஜ்ஜியை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி சாப்பிட முடியும். ஜோர்டி குவாய்ட்பாக், எலிசபெத் டன் என்ற ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவினரிடம் ஒரு வாரத்துக்குச் சாக்லேட்டையே தொடக் கூடாது என்றார்கள். இன்னொரு குழுவினருக்கு நிறையக் கொடுத்து இஷ்டம்போல் சாப்பிடச் சொன்னார்கள். மூன்றாம் குழுவுக்கு எந்தக் கட்டளையும் இல்லை. வாரக் கடைசியில் எல்லோருக்கும் மறுபடி சாக்லேட் கொடுத்தபோது, விட்டிருந்தவர்களே அதை அதிகமாக ரசித்தார்கள்.

தேதி குறிப்பதன் பலனுக்கும் சான்று உண்டு. நெதர்லாந்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலா போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பது பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தைய நாட்களில்தான் என்று கண்டது. திரும்பி வந்தபின் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிக நிதானமாக ஓய்வெடுத்துவிட்டு வந்தவர்கள் மட்டும் விலக்கு. பயணத்தின் பாதி இனிப்பு காத்திருப்பதில் இருக்கிறது. தேதி இல்லையென்றால் காத்திருக்க ஒன்றும் இருக்காது.

சாப்பாடு

*பருவத்தைப் பிடியுங்கள்.* இடைவெளி விட மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று பயப்பட வேண்டாம். மண்ணும் மரமும் அந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. தையில் கரும்பும் பனங்கிழங்கும். சித்திரை, வைகாசியில் நுங்கும் மாம்பழமும். ஆடியை ஒட்டி நாவல்பழம். மழைக்காலம் நெருங்கும்போது சீத்தாப்பழம். இவை ஒவ்வொன்றும் சில வாரங்களே கிடைக்கும். அந்த வாரங்களைத் தவறவிடாமல் இருந்தாலே போதும்.

நுங்கை பாலித்தீன் பையில் வாங்கி வந்து, தோல் உரித்து, கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடலாம்தான். அதைவிட, சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, பனங்காயைச் சீவிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பினால் நீர் பீய்ச்சிச் சட்டையில் அடிக்கும்; மணிக்கட்டு வரை வழியும். மூன்று கண்ணையும் முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கிறவரோடு பேச்சு ஆரம்பமாகியிருக்கும். வெயில் காலத்தில் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

*கடைக்கே போங்கள்.* செயலியில் ஆர்டர் செய்த நெய் ரோஸ்ட், பெட்டிக்குள் வியர்த்து, துவண்டு, வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது அது வேறு பண்டம். தோசைக்கல்லில் இருந்து தட்டுக்கு வரும் அரை நிமிடத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. மதுரையில் இரவு இட்லிக் கடைகளுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். தட்டைக் கவிழ்த்து, ஈரத் துணியை உரித்ததும் ஆவியோடு இலையில் விழும் இட்லி; சுற்றிலும் நாலைந்து நிறத்தில் சட்னி. இதற்கு ஆகும் செலவு பல நேரம் டெலிவரி கட்டணத்தோடு போட்டிபோடும் அளவுதான். வாரம் மூன்று தடவை வீட்டுக்கு வரவழைப்பதை நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணமும் மிஞ்சும், ருசியும் கூடும்.

*எளிய சாப்பாட்டில் ஒரு விசேஷம்.* இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்று சொன்ன கிரேக்கத் தத்துவ ஆசிரியர் எபிக்யூரஸ், ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி நண்பர்களோடு வாழ்ந்தவர். இன்பவாதி என்றதும் தினமும் விருந்து என்று நினைப்போம். அவர் ஒரு கடிதத்தில் நண்பரிடம் கேட்டது, வேண்டும்போது விருந்தாக வைத்துக்கொள்ளச் சிறிய பானை பாலாடைக்கட்டி. அன்றாடம் ரொட்டியும் தண்ணீரும் என்று இருந்தவருக்கு அதுவே விருந்து. நம் வீட்டில் அந்தப் பானைக்குச் சமம் எது என்று பாருங்கள். பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடா? ரசச் சோற்றுக்கு அப்பளமா? ஞாயிறு காலை மட்டும் போடும் புது டிக்காஷன் காபியா? அதைத் தினசரி ஆக்கிவிடாதீர்கள்.

*ஒரு வேளையாவது சேர்ந்து.* 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை, சேர்ந்து சாப்பிடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. அமெரிக்காவில் 2023இல் ஏறக்குறைய நாலில் ஒருவர், முந்தைய நாள் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டதாகச் சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இது 53 சதவீதம் அதிகம். நம் வீடுகளில் நாலு பேர் இருந்தும் நாலு வேளையாகச் சாப்பிடுவது நடக்கிறது: பையன் டியூஷன் முடிந்து, அப்பா செய்தி பார்த்துக்கொண்டே, அம்மா எல்லோரும் முடித்தபின் அடுப்படியில். இராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு நேரம் வையுங்கள். செல்போன்கள் வேறு அறையில் இருக்கட்டும். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று இரவு.

*சமைக்கிறவரை மறக்காதீர்கள்.* ஞாயிறு பிரியாணி நாலு பேருக்கு இன்பம், ஒருவருக்கு நாலு மணி நேர வேலை என்றால் கணக்கு சரியில்லை. வெங்காயம் உரிப்பது ஒருவர், கறி கழுவுவது ஒருவர், பாத்திரம் தேய்ப்பது ஒருவர் என்று பிரியுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வழக்கமாகச் சமைக்கிறவர் அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. அன்று உப்பு கூடிப்போனாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும்.

நட்பு

உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைக் கட்டம் கட்டமாக நினைவுபடுத்தி எழுதச் சொன்னார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், மற்றவர்களோடு பேசிப் பழகிய நேரம் இனிய நேரங்களின் வரிசையில் மேலே இருந்தது. வேலைக்குப் போய்வரும் பயணம் அடியில் இருந்தது. ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் நெடுங்கால ஆய்வும், நல்ல உறவுகள் மனதுக்கும் உடம்புக்கும் காப்பு என்றே சொல்கிறது.

இது யாருக்குத் தெரியாது? தெரிந்தும் நண்பர்களை ஏன் பார்ப்பதில்லை? முதல் காரணம், காரணமில்லாமல் பார்ப்பது நம்மிடம் அருகிவிட்டது. மூன்று வருடம் கழித்துப் பழைய தோழன் போன் செய்தால், எடுப்பதற்குள் மனதில் இரண்டு கேள்வி ஓடும்: பத்திரிகை வைக்கப்போகிறானா, பணம் கேட்கப்போகிறானா? ஆகவே எடுத்த எடுப்பிலேயே, “ஒண்ணுமில்லடா, சும்மாதான் கூப்பிட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் மூச்சு இறங்குவது உங்களுக்கே கேட்கும்.

இரண்டாவது காரணம் மணிக்கணக்கு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்தபோது இது இரண்டு மாதத்தில் நடந்தது. இப்போது வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வருடம் ஆகும். நாற்பது வயதுக்கு மேல் புதிய நட்பு கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த மணி நேரங்களை யாருக்கும் கொடுக்கவில்லை என்பதுதான் பல நேரம் உண்மை. இந்த மணி நேரங்கள் சேர நாலு வழிகள்:

1. *ஒரே நாள், ஒரே இடம்.* மாதத்தின் இரண்டாம் சனி, மாலை ஆறு மணி, இன்ன டீக்கடை. ஒவ்வொரு முறையும் “எப்போ பார்க்கலாம்?” என்று ஆரம்பித்தால் பார்க்கவே மாட்டீர்கள்.

2. *வருகிறவர் வரட்டும்.* நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் ஒத்துவரும் தேதி எந்தக் காலத்திலும் அமையாது. தேதியை அறிவித்துவிடுங்கள். மூன்று பேர் வந்தால் சபை நிறைந்தது.

3. *செலவு சின்னதாக இருக்கட்டும்.* நட்பு வட்டத்தில் எல்லோருடைய சம்பளமும் ஒன்றல்ல. பெரிய ஓட்டலைத் தேர்ந்தெடுத்தால், கை இறுக்கமாக இருக்கிறவர் அடுத்த முறை ‘உடம்பு சரியில்லை’ என்பார். டீயும் வடையும் எல்லோருக்கும் கட்டுப்படியாகும்.

4. *மண்டபச் சந்திப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.* ரிசப்ஷன் வரிசையில் நின்று, மேடையேறி, போட்டோவுக்குச் சிரித்து, பந்தியில் இடம்பிடித்து, தாம்பூலப் பையோடு கிளம்புவதில் நண்பரோடு பேச்சு நாலு வாக்கியம்தான் நடக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு பெண்களுடைய நட்பு வேகமாக அறுந்துபோகிறது. ஊர் மாறுகிறது, வீட்டு வேலை கழுத்தைப் பிடிக்கிறது, “எங்கே, யாரோட, எப்ப வருவே?” என்ற கேள்விகள் வேறு. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்துச் செலவு என்ற தடை பலருக்கு விலகியிருக்கிறது. மீதித் தடையை வீட்டு ஆண்கள் விலக்க வேண்டும். மாதத்தில் ஒரு மாலை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டால் உங்கள் மனைவி தன் தோழியைப் பார்த்துவிட்டு வருவார். அதை ‘அனுமதி’ என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு டீக்கடை போல அவருக்கு அது.

வெளியே போய் வருதல்

வெளியூர் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு வெறி வந்துவிடும். ஒரே வேனில் ஒன்பது கோயில், இரண்டு அருவி, ஓர் அணை. இருட்டிய பிறகு எதைப் பார்த்தோம் என்ற நினைவே இல்லாமல் வாந்தி எடுத்த குழந்தையோடு திரும்புவது. நெதர்லாந்து ஆய்வில் நிதானமாக ஓய்வெடுத்தவர்களுக்கு மட்டும்தான் திரும்பிய பிறகும் மகிழ்ச்சி மிஞ்சியது. ஆகவே விதி ஒன்று: ஒரு நாளுக்கு ஓர் இடம்.

தூரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

*அரை மணி நேர இடம்.* உங்கள் தெருவிலிருந்து நடந்தோ ஒரே பேருந்திலோ போகக்கூடியது. கடற்கரை, குளக்கரை, பூங்கா, கோயில் பிரகாரம், நூலகம். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பெரிய கோயிலின் திறந்த முற்றத்தில் மாலைக் காற்று இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டு இருக்கிறது. இதற்கு வாரத்தில் ஒரு மாலை.

*அரை நாள் இடம்.* மாதம் ஒன்று. உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் பார்க்காமலேயே விட்டவை இந்த வகைதான். சென்னையில் எத்தனையோ பேர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போனதோடு சரி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் போனால் சற்று தூரத்தில் கீழடி. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில், கீறிய எழுத்துள்ள பானை ஓடுகளையும் விளையாட்டுக் காய்களையும் பிள்ளைகளோடு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கிளம்பும் முன் வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழும்பூருக்கு வெள்ளி, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்.

*முழு நாள் இடம்.* மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். இங்கேயும் பருவம்தான் வழிகாட்டி. குற்றாலத்துக்கு ஆனி, ஆடியில் சாரல் விழும் நாட்கள். வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் எங்கு உட்கார்ந்தாலும் கூட்டம், அந்தக் கூட்டமே விழா. மூன்று வாரம் முன்பே வீட்டில் தேதியைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நாளை எண்ணத் தொடங்குவார்கள். பெரியவர்களும் எண்ணுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

*கட்டுச்சோறு.* வழியில் ஓட்டல் தேடி அலைவதைவிட இது மேல். புளியோதரைக்குச் சோற்றை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்குங்கள். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி மதியத்துக்குள் சோறு நசநசத்துவிடும். தயிர்சாதம் வேறு கதை. சோற்றைக் குழைய வடித்து, சூடு இருக்கும்போதே மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரே ஒரு கரண்டி மட்டும் சேர்த்து, உப்புப் போட்டுக் கலக்கி வையுங்கள். காலையில் பால்சோறு போல இருக்கும். வண்டியில் போகப்போக உறைந்து, நீங்கள் இலை விரிக்கும் நேரத்தில் புளிக்காத தயிர்சாதமாகியிருக்கும். முழுக்கத் தயிர் ஊற்றிக் கலந்தால் வெயிலில் அதே நேரத்துக்குள் புளித்துப்போகும். வாழையிலையை அடுப்புத் தணலில் லேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. தொட்டுக்கொள்ள மாவடுவும் உருளைக்கிழங்கு வறுவலும்.

*எங்கும் போக முடியாத மாதம்* வரும். அப்போது மொட்டை மாடிக்குப் போங்கள். பௌர்ணமி அன்று நிலாச்சோறு நம் பாட்டிமார்கள் வழக்கம்தான். பெரிய பாத்திரத்தில் குழம்புச் சோற்றைப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்தவர்களின் உள்ளங்கையில் உருட்டி வைத்தால், வீட்டில் ‘பசிக்கல’ என்ற பிள்ளையும் நாலாவது உருண்டைக்குக் கை நீட்டும்.

போட்டோ எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போனதும் ஒரு பத்து நிமிடம் எடுத்து முடித்துவிட்டு செல்போனைப் பைக்குள் போடுங்கள். ஸ்டேட்டஸ் வைப்பதை இரவு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமாக வரும் மூன்று கேள்விகள்

*“வீட்டில் கடன் இருக்கிறது. இதெல்லாம் தேவையா?”* கடன் அடைய ஐந்து வருடம் ஆகும் என்றால் ஐந்து வருடமும் சிரிக்காமல் இருக்க முடியுமா? மாதச் செலவில் ஒரு சிறு தொகையைத் தனி உறையில் எடுத்து வையுங்கள். உறை தீர்ந்தால் அந்த மாதம் குளக்கரையும் மொட்டை மாடியும்தான். கடன் வாங்கிச் சுற்றுலா போவது மட்டும் வேண்டாம். தவணை கட்டும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பயணம் கசக்கும்.

*“எனக்குத் தனியாக இருக்கத்தான் பிடிக்கும்.”* இருங்கள். தனியாகச் சினிமா பார்ப்பதும் தனியாகக் கடற்கரையில் நடப்பதும் நல்ல பொழுதுகளே. அதற்கும் தேதி வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் வாரம் ஒருமுறையாவது யாராவது கூட இருக்கட்டும்.

*“எதிலுமே மனசு ஒட்டவில்லை.”* பிடித்த சாப்பாடு ருசிக்கவில்லை, பிடித்தவர்களைப் பார்க்கத் தோன்றவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு இந்தப் புத்தகம் மருந்தாகாது. மருத்துவரைப் பாருங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

இந்த மாதத்துக்கான பயிற்சி

முதல் வாரம்: மூன்று இரவுகள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். ஒரு நண்பருக்குச் ‘சும்மா’ போன் செய்யுங்கள்.

இரண்டாம் வாரம்: தினமும் அனுபவித்துப் பழகிவிட்ட ஏதாவது ஒன்றை, பஜ்ஜியோ சாக்லேட்டோ இரவு ஓட்டல் பார்சலோ, ஏழு நாள் நிறுத்துங்கள். எட்டாம் நாள் கடைக்கே போய்ச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் வாரம்: நண்பர்களுக்கு நாளும் இடமும் அறிவித்துச் சந்தியுங்கள். உங்கள் துணைக்கும் அதே வாரம் ஒரு மாலை.

நான்காம் வாரம்: பார்க்காமல் விட்ட ஓர் அரை நாள் இடம், கட்டுச்சோற்றோடு.

மாதக் கடைசியில் வீட்டில் எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த மாதம் செய்ததில் எதை மறுபடி செய்யலாம், எதை விட்டுவிடலாம்? கடமைக்குச் செய்ததை எடுத்துவிடுங்கள்; பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு வாரம் திட்டம் தவறும். மழை வரும், விருந்தாளி வருவார், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். தள்ளிப்போடுங்கள், தப்பில்லை. ஆனால் தள்ளிப்போடுகிறவர்தான், அதே பேச்சில், அடுத்த தேதியையும் சொல்ல வேண்டும்.